ரஷ்யப் பிள்ளைகளின் சொற்களும் ஒரு முகூர்த்த நாளும்

நாளுக்கு ஒரு சொல். மேலே தேதி, நடுவில் இன்றைய ரஷ்யப் பிள்ளைகள் பேசும் கொச்சைச் சொல் ஒன்று, கீழே அதன் பொருளும் அது வந்த வழியும். கஸான் நகரத்தில் நாங்கள் வேலை பார்க்கும் காகிதக் கம்பெனியில் தாஷா இந்த யோசனையைச் சொன்னபோது அறையில் இருந்த பெரிய தலைகள் சிரித்தன. கொள்முதல் பிரிவில் இருக்கும் நான் சிரிக்கவில்லை. மல்லாங்கிணறில் பிறந்து, கஸானுக்குப் படிக்கப் போய், வேலை கிடைத்து அங்கேயே தங்கிவிட்டவள் நான். தினசரி கிழிக்கும் காலண்டர் என்றால் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தாஷாவுக்கு இது வெறும் வேலையாக இல்லை. அவளுடைய அப்பா டிராம் ஓட்டுகிறவர். சமையலறைச் சுவரில் காலண்டர் மாட்டி வைத்து, காலையில் தேநீர் கொதிப்பதற்குள் முந்தின நாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தை வாசிக்கிற ஆள். நீ பேசுவது எனக்குப் புரியவில்லை என்று மகளிடம் ஒருநாள் சொன்னவர், பிறகு எதையும் கேட்பதையே விட்டுவிட்டாராம். "அவர் விடாமல் வாசிக்கும் காகிதம் அது ஒன்றுதான். நான் அதில் ஏறிக்கொள்கிறேன்," என்றாள். மேலாளர் கடைசியில் ஒரே ஒரு லோடுக்குச் சம்மதித்தார். அது நேரத்துக்கு வராவிட்டால் யோசனையை மூட்டை கட்டிவிட வேண்டும்.

சிவகாசி அச்சக முதலாளியை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். அவர் தன் பங்குக்குத் தொலைபேசியில் ஒரு கெடு வைத்தார். "ஆடிப்பெருக்குக்கு முன்னால உங்க லோடு ஏறிரணும். அதுக்கு மேல நம்ம காலண்டர் சீசன். யாரு வந்து நின்னாலும் மிஷின் கிடையாது." லோடை ஏற்றிவிட நானும் தாஷாவும் மதுரையில் இறங்கியபோது ஆடி பிறந்துவிட்டிருந்தது.

முதல் நாள் விருதுநகரில் சாப்பிடாமல் தாண்டக் கூடாது என்பது என் கட்டளை. எண்ணெயில் பொரித்த பரோட்டாவை நொறுக்கிச் சால்னாவில் ஊறவைத்துக் கொடுத்தேன். தாஷா கண்ணில் நீர் வழிய, மூக்கை உறிஞ்சியபடி இலையை வழித்தாள். கடைக்காரர் அவள் அழுவதைப் பார்த்துப் பயந்து, தண்ணீரோடு வந்து நின்றார். "பிள்ளைக்குக் காரம் ஆகாதோ? ஆம்லேட்டு போடச் சொல்லட்டா?" என்றார். அவளோ கையை ஆட்டி மறுத்துவிட்டு இன்னொரு பரோட்டா கேட்டாள்.

"ஹாவத்," என்றாள் தாஷா வாயில் பரோட்டாவோடு. சாப்பிடுவதை அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள். நம் ஊரில் 'வெட்டுறது' என்று சொல்வோமே, அந்த மாதிரி மரியாதை இல்லாத சொல். நாடோடி ரோமா மக்களின் மொழியிலிருந்து முதலில் திருடர்கள் வாய்க்கும், அங்கிருந்து பிள்ளைகள் வாய்க்கும் வந்தது என்கிறார்கள். அந்த ரோமா மக்கள் பல நூறு வருடங்களுக்கு முன் வட இந்தியாவிலிருந்து கிளம்பியவர்கள். இந்திக்காரர்களின் 'கானா'வும் இதுவும் தூரத்து உறவு. "அப்படியானால் இதை உங்கள் நாட்டிலேயே அச்சடிப்பது நியாயம்தான்," என்றாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

சிவகாசிக்குப் போன பேருந்தில் நான் கஸானில் வகுப்பில் படித்த ரஷ்ய மொழியை அவள் பிரித்து மேய்ந்தாள். நான் பேசுவது பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறதாம். அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் ஆதாரம் என்ன, யார் சொன்னது என்று நான் குடைந்ததில் எனக்கு ஒரு பட்டமும் கிடைத்தது: துஷ்னீலா. 'புழுக்கம்' என்று பொருள்படும் பழைய ரஷ்யச் சொல்லிலிருந்து பிள்ளைகள் உண்டாக்கியது. நுணுக்கம் பேசிப் பேசிக் காற்றே இல்லாமல் செய்கிற ஆளுக்கு அந்தப் பெயர். ஆடிக்காற்று சன்னல் வழியே மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்த பேருந்தில் என்னைப் புழுக்கக்காரி என்றது கொஞ்சம் அநியாயம்.

இரண்டாம் நாள் அச்சகம். தாள்கள் அடித்து முடிந்து, வெட்டி, நாள்வாரியாக அடுக்கப்பட்டிருந்தன. பைண்டிங் கொட்டகையில் பெண்கள் அடுக்கைத் தட்டிச் சமன் செய்ய, தங்கமாரி என்கிற சூப்பர்வைசர் தகரப் பட்டையை வைத்துக் கம்பி அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பதை நெருங்கும் பெண்மணி. ரஷ்ய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் எண்கள் நாம் எழுதும் எண்கள்தானே. எந்தக் கட்டில் எந்த நாள் மாறியிருக்கிறது என்று விரலை ஓட்டியே கண்டுபிடித்தார்.

"எந்த ஊருப் பிள்ளை இது? சாப்பிட்டீகளா?" என்றார் என்னிடம். சொன்னேன். "அம்புட்டுத் தூரத்துல இருந்து காலண்டர் கிழிக்கவா வந்தீக?" என்று சிரித்தார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

அன்று மாலை கொட்டகையில் தேநீரும் சாத்தூர் காராச்சேவும் வந்தன. சொற்களின் அர்த்தம் கேட்டு எல்லோரும் தாஷாவைச் சூழ்ந்துகொண்டார்கள். லோஹ் என்றால் எளிதில் ஏமாறுகிறவன். வடக்கே முட்டையிட்டுக் களைத்து, கையாலேயே பிடித்துவிடலாம் என்கிற நிலையில் ஆற்றில் மிதக்கும் ஒரு மீனுக்கு அந்தப் பெயர் இருந்தது என்று ஒரு கதை. பழைய ஊர்சுற்றி வியாபாரிகள் தங்களுக்குள் ரகசியமாகப் பேசிய பாஷையிலும் அந்தச் சொல் உண்டாம். "எங்க வீட்டுக்காரருக்கு ரஷ்யாவுலயும் பேரு வச்சிருக்காகளா," என்றார் ஒரு பெண். துசோவ்கா என்றால் கூட்டாளிகள் கூடுவது; சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவதிலிருந்து வந்தது. ஜீஸா என்றால் 'என் கதையும் இதேதான்' என்று ஒத்துக்கொள்வது. ரஷ்ய மொழியில் வாழ்க்கை என்ற சொல்லை வெட்டிக் குறுக்கியது. கைஃப் என்ற இன்பம் அரபு நாட்டுச் சரக்கு. நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர்கள் சிரித்த சிரிப்பில் தாஷாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வம்பு வந்தது மூன்றாம் நாள் காலையில்.

தாள் சுத்தமாகக் கிழிகிறதா, மேலே ஒட்டிக்கொண்டு பாதியில் பிய்கிறதா என்று பார்ப்பது தாஷாவின் பொறுப்பு. முடித்து வைத்திருந்த கட்டு ஒன்றை எடுத்தாள். ஜனவரியில் ஒன்று, மார்ச்சில் ஒன்று, நடுவில் சில, கடைசியில் ஒன்று என்று சர்சர்ரென்று கிழித்தாள். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, கிழித்ததைக் கழிவுத்தாள் மூட்டையில் போட்டுவிட்டு மாதிரி அறைக்குப் போய்விட்டாள். நானும் கூடப் போனேன். கொட்டகையில் தட்டும் சத்தம் நின்றதை நாங்கள் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தோம்.

திரும்பி வந்தபோது தங்கமாரி கம்பி மிஷினை அணைத்துவிட்டு, அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்றவர்களும் கையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொட்டகையில் இன்னும் வராத நாளை யாரும் கிழிப்பதில்லை; கிழித்தால் அந்த நாளுக்கே ஆகாது என்பார்கள். கிழித்துப் பார்க்க எண்ணோ எழுத்தோ இல்லாத வெள்ளைக் கட்டு ஒன்றைத் தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள். அது மூலையில் கிடந்தது. எங்களிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிருக்காது. அடுப்பில் கை வைக்காதே என்று விருந்தாளிக்கு யார் சொல்வார்கள்?

"சனவரியில கிழிச்சிருக்காகளே, அது தை மாச முகூர்த்தம்க்கா," என்றார் தங்கமாரி என்னிடம். குரலை உயர்த்தவில்லை. "எம் மகளுக்கு நாள் வச்சிருக்கு."

தாஷாவுக்கு மொழிபெயர்த்தேன். அவள் முகம் வெளுத்தது. அண்ணாச்சி ஓடி வந்தார். "இன்னொரு தாள் இருக்குல்லா தங்கமாரி. எடுத்துச் சொருகிக் கம்பி அடிச்சிரு. லோடு நாளைக்கு ஏறணும்."

"வேற தாளு வேற தாளுதான் அண்ணாச்சி. கிழிச்ச தாளு எங்கன கெடக்கோ? காலுல மிதிபடுதோ, தீயில போகுதோ? அது கைக்கு வந்தாத்தான் எங் கை ஓடும்." அண்ணாச்சி வற்புறுத்தவில்லை. தங்கமாரி கை வைக்காமல் அங்கிருந்து ஒரு கட்டும் வெளியே போகாது என்பது அவருக்குத் தெரியும்.

மூட்டையைத் தேடினால் மூட்டை இல்லை. நாங்கள் மாதிரி அறையில் இருந்தபோதே கழிவுத்தாள் வண்டி வந்து அள்ளிக்கொண்டு போய்விட்டது. சிவகாசியில் தாள் வீணாவதில்லை. அச்சுப் பிசகி, வெட்டி ஒதுக்கிய தாளெல்லாம் கிராமங்களுக்குப் போகும். அங்கே வீட்டுப் பெண்கள் அதைப் பசை தடவிச் சுருட்டி வெடிக்குழாய் ஆக்குவார்கள். குழாய் வெறும் காகிதம்தான். அங்கிருந்து பட்டாசு ஆலைக்குப் போனால்தான் மருந்து ஏறும். ஏறிவிட்டால் தங்கமாரி பயந்ததுதான் நடக்கும். அன்றைய மூட்டை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போயிருக்கிறது என்று வண்டிக்காரர் தொலைபேசியில் சொன்னார்.

அண்ணாச்சி என்னை ஓரமாகக் கூப்பிட்டார். ஏதாவது ஒரு தாளைக் கிழித்துக் கொண்டுவந்து இதுதான் என்று காட்டிவிடலாம், தங்கமாரிக்கு எப்படித் தெரியும் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்த யோசனை ஓடியது. ஆடிப்பெருக்கு வாசலில் நின்றது. தாஷாவிடம் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான்தான் கிழித்தேன். நான்தான் தேடுவேன்," என்றாள். தோள்பையை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டாள்.

ஏறிய மினி பஸ் வெம்பக்கோட்டை அணையைத் தாண்டும் முன்னே டயர் வெடித்து நின்றது. கஸானில் டிராம் நின்றால் பயணிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கி, ஆளுக்கொரு யோசனை சொல்லி, நடத்துநருக்கு டயர் மாற்றவே கற்றுக் கொடுத்தார்கள். அணையில் தண்ணீர் அடியில்தான் கிடந்தது. தாஷா நிற்கவில்லை, வெயிலில் நடக்க ஆரம்பித்தாள். நான் வைதுகொண்டே பின்னால் போனேன்.

பட்டாசு ஆலையிலிருந்து ஆள் ஏற்றி வந்த வேன் ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. உள்ளே முழுக்கப் பெண்கள். விரலெல்லாம் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பூச்சு. இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுக் கேள்வியை ஆரம்பித்தார்கள். இந்தப் பிள்ளை யார், அப்பா என்ன செய்கிறார், கல்யாணம் ஆயிற்றா, ஏன் இந்த வெயிலில் அலைகிறது. நான் விஷயத்தைச் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நாள் வச்ச தாளா? அது மருந்துக்குப் போகக் கூடாதுல்லா," என்றார் ஒருவர்.

"அந்த மூடை பேச்சியம்மா வீட்டுலதான எறங்கும்? சாயங்காலம் குழாய் எடுக்க எங்க கம்பெனி வண்டி வந்துரும். வெரசாப் போங்க," என்றார் இன்னொருவர். வேன் ஓட்டுநர் வழக்கமான இடத்தில் நிறுத்தாமல், கரிசல் பாதையில் குலுங்கக் குலுங்க ஓட்டி, பேச்சியம்மா வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டார்.

பேச்சியம்மாவுக்கு முதலில் எங்கள் மேல் கோபம். சுற்றி அடுக்கிய குழாய்க் கட்டுகளை யாரோ வந்து பிரிக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் வராது? ஓலைப்பாயில் ஆயிரக்கணக்கில் குழாய்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் ரஷ்ய எழுத்து. தாஷா யோசித்து யோசித்துத் தேர்ந்தெடுத்த சொற்களெல்லாம் விரல் பருமனில் உருண்டு கிடந்தன. அவள் ஒரு குழாயை எடுத்து வாசித்துவிட்டு மெல்லக் கீழே வைத்தாள்.

"வெட்டுன தாளெல்லாம் ஓரம் நேரா இருக்கும். கிழிச்சதுன்னா பல்லுப் பல்லா இருக்கும்ல," என்றேன் பேச்சியம்மாவிடம்.

அவர் யோசித்தார். "ஆமா, ஓரம் பிஞ்ச தாளு கொஞ்சம் வந்துச்சு. அதையும் சேத்துத்தான் சுத்துனேன். கட்டைக் கலைக்காம முனையை மட்டும் பாருங்க."

மூவரும் உட்கார்ந்தோம். கட்டு கட்டாகத் தூக்கி, முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். முதலில் மார்ச் கிடைத்தது. பிறகு ஏதோ ஒரு கோடை நாள். வேர்த்து ஊற்றியது. பேச்சியம்மா நீர்மோர் கொடுத்தார். தாஷா ஒரே மூச்சில் குடித்துவிட்டு மறுபடி குனிந்தாள். அதற்குக் கொஞ்ச நேரத்தில் ஜனவரி வந்துவிட்டது. எண்ணைச் சரிபார்த்தேன், மாதத்தை அவள் சரிபார்த்தாள். எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. "எழுந்திரு, போகலாம்," என்றேன்.

அவள் அசையவில்லை. "இன்னும் மூன்று தாள் இருக்கிறது."

"தங்கமாரிக்கு இது போதும்."

"மற்ற நாட்களும் யாருக்காவது வேண்டியதாக இருக்கும்," என்றாள் தலையைத் தூக்காமலே. துஷ்னீலா யார் என்று கேட்க வாய் வந்தது. கேட்காமல் நானும் உட்கார்ந்தேன். ஆலை வண்டி வந்து ஹாரன் அடித்தது. பேச்சியம்மா வாசலுக்குப் போய், "செத்த பொறுங்கய்யா, பிள்ளை தேடிக்கிட்டு இருக்கு," என்று சொல்லி நிறுத்தி வைத்தார். இரண்டு கிடைத்தன. டிசம்பர்த் தாள் மட்டும் கிடைக்கவே இல்லை. அதற்கு மேல் வண்டியை நிறுத்த முடியாது. பேச்சியம்மா சுற்றிய குழாய்க்கு ஈடாகச் சுற்றாத தாளை நாங்கள் பசை தடவிச் சுருட்டிக் கொடுத்தோம். தாஷா சுருட்டியதில் பாதி சரியில்லை என்று அவரே மறுபடி சுருட்டினார்.

மறுநாள் காலை. கொட்டகையில் எல்லோரும் வந்திருந்தார்கள், மிஷின் ஓடவில்லை. தாஷா குழாயை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய்த் தங்கமாரி முன் நின்றாள். டிசம்பர்த் தாள் கிடைக்கவில்லை என்பதையும் முதலிலேயே சொல்லச் சொன்னாள். சொன்னேன். பிரித்தால் தாள் கிழிந்துவிடும், அதனால் சுருட்டியபடியே கொண்டுவந்திருக்கிறோம் என்றும் சொன்னேன். இது போதாது என்று அவர் சொன்னால் எங்களிடம் வேறு எதுவும் இல்லை. தாஷா அப்பாவின் சமையலறைச் சுவர் அடுத்த வருடமும் அப்படியே இருக்கும்.

தங்கமாரி வாங்கித் திருப்பிப் பார்த்தார். குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தார். விரலால் எண்ணைத் தடவினார்.

"இதுல என்ன சொல்லு எழுதியிருக்கு?"

அதுதான் நான் பயந்த கேள்வி. திரும்பி வந்த பேருந்திலேயே பார்த்திருந்தேன். க்ரின்ஜ். ஆங்கிலத்திலிருந்து கணினி வழியாகப் போய் ஒட்டிக்கொண்ட சொல். எவரோ அசட்டுத்தனம் பண்ண, பார்க்கிற நமக்குக் கூசுகிறதே, அது. கல்யாண நாளுக்கு இப்படி ஒரு சொல்லா என்று வேறு ஏதாவது சொல்லி மழுப்ப நினைத்தேன். பக்கத்தில் தாஷா நின்றாள். உள்ளதைச் சொன்னேன்.

"பொண்ணழைப்புல எங்க சம்பந்தகாரவுக ஆடுவாக பாருங்க ஆட்டம்," என்றார் தங்கமாரி. "அன்னைக்கு அதுதான் வரும்." பெண்கள் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்காமல் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு சுத்துனது?"

"ஏழாயிரம்பண்ணையில பேச்சியம்மான்னு ஒருத்தர்."

"நல்லா இறுக்கிச் சுத்தியிருக்காக." குழாயைச் சேலை முந்தியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். எழுந்து கம்பி மிஷினிடம் போனார். விசையைப் போடும் முன் திரும்பி, தாஷாவைப் பார்த்து, அவளுக்கே நேராகச் சொல்வது போலத் தமிழில் சொன்னார்.

"எம் மக நாளு குப்பைக்குப் போயிருச்சேன்னு இருந்தேன். போகலத்தா. வேலைக்குல்லா போயிருக்கு."